தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஆய்வுப் பயிலரங்குக்குப் போவது எப்படி: நான் பட்ட பாடும் செலவுக் கணக்கும்

பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனம் மூன்று நாள் பயிலரங்கு நடத்தியது. சமூக மாற்றம், நினைவு, நகர உருமாற்றம் என்பது பொருள். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து அந்த இடம் இரண்டு மணி நேரம்தான். எனக்கு அங்கே போய்ச் சேர இரண்டு வருஷம் ஆனது. முதல் விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டாவது, கெடு முடிந்து பதினோரு நிமிடம் கழித்துப் போய் விழுந்தது. மூன்றாவது தேறியது, ஆனால் கல்லூரியில் அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். நம் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறோம். சென்னையில் படிப்பவர்களுக்கு இதெல்லாம் கேன்டீனில் டீ குடிக்கும்போதே காதில் விழுந்துவிடும். நமக்குச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1. போவது பயிலரங்கா கருத்தரங்கா என்று முதலில் பாருங்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் நடக்கும் கருத்தரங்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை. எண்பது பேருக்கு ஒரே பிற்பகல். ஏழு நிமிடம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது நிமிடமே மணி அடிப்பார்கள். சான்றிதழ், சாப்பாடு, வீடு.

பயிலரங்கு அப்படியில்லை. பதினைந்து, இருபது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். கட்டுரை மூன்று வாரம் முன்பே எல்லோருக்கும் போய்விடும். அங்கே நீங்கள் வாசிக்கப் போவதில்லை, எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருவார்கள். உங்கள் கட்டுரைக்கு முப்பது, நாற்பது நிமிடம் ஒதுக்கி, ஒருவர் முதலில் கருத்துச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். முடிந்துபோன கட்டுரையைக் கொண்டுபோனால் அவர்களுக்கே அலுப்பு. பாதியில் நிற்கும் கட்டுரை, ஆனால் உள்ளே நீங்களே சேர்த்த பொருள் இருக்க வேண்டும். இது புரியாமல்தான் என் முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வரும் 'பன்னாட்டுப் பயிலரங்கு' அறிவிப்புகளில் பெரும்பாலானவை பணம் பிடுங்கும் கடைகள். அடையாளம் சுலபம்: வணிகவியல் முதல் விலங்கியல் வரை எல்லாத் துறைக்கும் இடம் உண்டு, சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் வரும், 'ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூல்' என்பார்கள், 'யூஜிசி கேர் இதழில் வெளியீடு உறுதி' என்பார்கள். தரமான ஆய்விதழ்கள் என்று யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருந்த அந்தக் கேர் பட்டியலையே 2025-இல் கைவிட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி வசூலிக்கிறவரிடம் என்ன மிச்சம் இருக்கும்? நானும் ஒரு முறை 1,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன். சான்றிதழில் என் பெயரையே தப்பாகப் போட்டிருந்தார்கள்.

உண்மையான ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை, கேட்டாலும் சிறு தொகைதான். பல இடங்களில் அவர்களே தங்க இடமும் பயணச் செலவும் தருவார்கள்.

2. அழைப்பு எங்கே வரும்

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை: பெங்களூர் நாகரபாவியில் உள்ள சமூக, பொருளாதார மாற்ற நிறுவனம் (ஐசெக்), நகரங்களைப் பற்றியே ஆய்வு செய்யும் இந்திய மனிதக் குடியிருப்புகள் நிறுவனம், ஓசூருக்கு அந்தப் பக்கம் சர்ஜாபூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். சென்னை அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்) நிதியில் நடக்கும் ஆய்வு முறையியல் பயிலரங்குகள் வேறு பல்கலைக்கழகங்களிலும் நடக்கும். ஆய்வு மாணவர் முதலில் அதற்குப் போவது நல்லது.

இவர்களின் வலைத்தளத்தை மாதம் இருமுறை, 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும், திறந்து பாருங்கள். மின்னஞ்சல் பட்டியல் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். அழைப்புக்கும் கெடுவுக்கும் நடுவில் வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம்தான் இருக்கும். அதனால்தான் அடுத்த படியை அழைப்பு வருவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

3. அழைப்பு வருவதற்குள் பொருளைச் சேர்த்து வையுங்கள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் வெறும் காகித வேலை.

தலைப்பைச் சின்னதாக வையுங்கள். ஒரு ஊர், ஒரு மாற்றம், அதை நினைவில் வைத்திருக்கும் ஒரு கூட்டம். நம் இரண்டு மாவட்டத்திலும் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் போன ஊர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகு, ஃப்ளோரைடு கலந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை மக்கள் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பது. கிருஷ்ணகிரி வரை ஒரு காலத்தில் வந்து, பிறகு பிடுங்கப்பட்ட சின்ன ரயில் பாதை. தண்டவாளம் போன தடம் எது என்று இன்றும் காட்டுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நான்கு வழிச்சாலை வந்ததும் வியாபாரம் இடம்பெயர்ந்த கடைத்தெருக்கள். இதில் எதையும் பெங்களூர்ப் பேராசிரியர் நம்மைவிட நன்றாகச் செய்துவிட முடியாது.

பேட்டி எடுப்பது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிப்காட்டை ஒட்டிய ஒரு ஊரில் எண்பது வயதைத் தொட்ட பாட்டி. திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே பேசினார். பேச்சு தமிழில்தான் தொடங்கும், நிலக் கணக்கு வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். நிலம் போன கதையை நாற்பது நிமிடம் சொன்னார். இடையில் ஒரு கல் பொறுக்கக் குனிந்தபோதுகூட நிறுத்தவில்லை. நான் கைபேசியைத் திண்ணை ஓரத்தில் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு நிமிடம்தான் இருக்கிறது. நடுவில் என் நாத்தனார் கூப்பிட்டிருக்கிறார், அழைப்பு வந்ததும் பதிவு நின்றுவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்டேன். "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனேம்மா" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆகவே, பதிவைத் தொடங்கும் முன் விமானப் பயன்முறையைப் போடுங்கள். முடிந்தால் இரண்டாவது கைபேசியிலும் பதியுங்கள். மிக்ஸி ஓடும் நேரத்தில், தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரத்தில் போகாதீர்கள். காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை வசதி. பதிவைக் கேட்டு எழுத எவ்வளவு நேரமாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஏழு மணி நேரம் பிடித்தது. ஐந்து பேட்டி என்றால் மூன்று வார இரவுகள் போய்விடும்.

ஒப்புதல் கடிதம். பேட்டி தந்தவரின் சம்மதம் உண்டா என்று பயிலரங்கில் கட்டாயம் கேட்பார்கள். நான் ஒரு பக்கப் படிவம் அடித்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் நீட்டினேன். முகம் மாறிவிட்டது. "இப்படித்தான் ஒருத்தன் அன்னைக்கும் கைநாட்டு வாங்கினான்" என்றார். நிலத்தைப் பறிகொடுத்தவரிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது என் மடத்தனம். கையெழுத்து வேண்டியதில்லை. நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், பெயரைப் போடலாமா வேண்டாமா, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதை அவர் பேசும் மொழியில் சொல்லி, அவர் 'சரி' என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்புதல் செல்லும்.

வீட்டுக் காகிதங்கள். பேட்டி முடிந்ததும் "பழைய பேப்பர் ஏதாவது இருக்கா பாட்டி?" என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டி திறக்கும். எனக்கு ஒரே வீட்டில் மூன்று காகிதம் கிடைத்தது. தாத்தா பெயரில் இருந்த பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்றிருந்தது. மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'தருமபுரி மாவட்டம்'. பேத்தி கல்யாணப் பத்திரிகையில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. வீடு நகரவே இல்லை. இதைப் படம் எடுத்துக் கட்டுரையில் வைத்தேன், அங்கே எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள். பட்டா எண், ஆதார் எண் தெரிந்தால் மறைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். ஆகவே ஓசூரின் 1961 கணக்கெடுப்பு விவரம் வேண்டுமென்றால் சேலத்தில் தேட வேண்டும், 2001-க்குத் தருமபுரியில் தேட வேண்டும். கிருஷ்ணகிரி என்று தேடி ஒன்றும் இல்லை என்று நான் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனாலும் பழைய கோப்புகளைச் சேலம் மாவட்டம் என்றே கேளுங்கள். அங்கே நுழைய நெறியாளரின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

எண்ணிக்கையிலும் கவனம். 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. சுற்றுப்பட்டு ஊர்கள் நகர எல்லைக்குள் வந்ததைக் கழிக்காமல் 'இத்தனை மடங்கு பெருகியது' என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011-க்குப் பிந்தைய எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தகவல் உரிமை மனு. நிலம் எடுத்த ஆண்டு, நகராட்சித் தீர்மானம் போன்றவற்றுக்கு இது போதும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று திருப்பிவிடுவார்கள். 'இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரையான தீர்மானங்களின் நகல் தருக' என்று ஆவணத்தைக் கேளுங்கள். எந்தக் கோப்பு என்று தெரியாவிட்டால், 'கோப்பை நேரில் பார்வையிட அனுமதி தருக' என்று கேட்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. பார்வையிடலில் முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

வரைபடத்துக்குக் கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படத்தை வரிசையாகப் பார்க்கலாம். ஏரி சுருங்கியதும் லேஅவுட் முளைத்ததும் பளிச்சென்று தெரியும்.

4. ஆய்வுச் சுருக்கம் எழுதுவது

வழக்கமாக 250 முதல் 300 சொல், ஆங்கிலத்தில். என் முதல் சுருக்கம் 'உலகமயமாதல் காலகட்டத்தில் நகரமயமாதல் பல்வேறு தாக்கங்களை ஏற்படுத்தி வருகிறது' என்று தொடங்கியது. கூட்டு நினைவு பற்றி எழுதிய மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் பெயரை முதல் பத்தியிலேயே தூக்கி வைத்தேன். ஓசூர் என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் வந்தது. படிக்கிறவர் அதுவரை எதற்குக் காத்திருப்பார்?

தேறிய சுருக்கம் இந்தக் கேள்வியோடு தொடங்கியது: சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் ஊரின் பழைய எல்லையை இன்றும் எந்தக் கிணறு, எந்தக் கோயில், எந்த மரத்தை வைத்துச் சொல்கிறார்கள்? அடுத்து, என்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதினேன்: ஐந்து பேட்டி, மூன்று வீட்டுக் காகிதம், ஒரு தகவல் உரிமைப் பதில். கடைசியில், எனக்கு எது இன்னும் புரியவில்லை என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் என்னைத் தேர்ந்தெடுக்க வைத்தது என்று பிறகு ஏற்பாட்டாளர் ஒருவர் சொன்னார்.

முதலில் தமிழிலேயே எழுதுங்கள். யோசிப்பது தமிழில் என்றால் எழுதுவதும் தமிழில்தான் தெளிவாக வரும். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத் துறையில் நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை அப்படியே நம்ப வேண்டாம், என் 'ஊர்க் கவுண்டர்' ரயில்வே கவுண்டராகிவிட்டார்.

தமிழ் மேற்கோள் சேர்ப்பதாக இருந்தால் யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது அவர்கள் கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எதை அனுப்பினாலும் பிடிஎஃப் ஆக்கி, வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், கெடு நாள் இரவு வரை இழுக்காதீர்கள். 11:59 வரை நேரமிருக்கிறது என்று 11:30-க்குப் பதிவேற்ற உட்கார்ந்தேன். மின்சாரம் போனது. மோடமும் போனது. கைபேசி இணையத்தில் கோப்பு ஏறி முடிந்தபோது மணி 12:10.

5. ஆவணக் கட்டு

ஒரு பிளாஸ்டிக் கோப்புறையிலும் மின்னஞ்சலிலும் இவற்றை எப்போதும் தயாராக வையுங்கள்: நூறு சொல்லில் உங்களைப் பற்றிய குறிப்பு, இரண்டு பக்கத் தன்விவரம், ஆதார் நகல், பான் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு படம், ஆய்வு மாணவரானால் பதிவு உறுதிக் கடிதமும் நெறியாளரின் பரிந்துரையும்.

பட்டியலைப் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். சிக்கல் இனிஷியலில் இருக்கிறது. என் ஆதாரில் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசியில் நிற்கிறது. வங்கியில் கணவர் பெயர். ஏற்புக் கடிதத்தில் நான் கட்டுரையில் எழுதும் பெயர். நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது, பயணப்படி அதுவரை வரவில்லை. விண்ணப்பிக்கும்போதே வங்கிக் கணக்கில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். கட்டுரையில் வேறு பெயர் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

முழுக் கட்டுரை கேட்கும்போது ஒப்புமைச் சோதனை அறிக்கை (பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுவது) கேட்கலாம். யூஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை குற்றமில்லை. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்துத் தருவார்கள், ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

6. கல்லூரி அனுமதி

ஏற்பு மின்னஞ்சலை அச்செடுத்து நீட்டினேன். "லெட்டர்ஹெட் இல்ல, சீல் இல்ல, இதை எப்படி ஃபைல் பண்றது?" என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் காட்ட வேண்டுமே.

ஆகவே ஏற்பு வந்த அன்றே ஏற்பாட்டாளருக்கு எழுதி, உங்கள் முதல்வர் பெயருக்கு முகவரியிட்ட, கையெழுத்தும் முத்திரையும் உள்ள அழைப்புக் கடிதம் கேளுங்கள். மூன்று நாளில் வந்துவிடும். பிறகு துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு ஓடி (ஆன் டூட்டி, பணி நிமித்தம் வெளியே போகும் அனுமதி) விண்ணப்பம். அதில் தேதி, இடம், பயண நாள், உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார் என்ற மாற்றுப் பட்டியல், அவரது கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் பெற்றதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் விண்ணப்பம் மேசையிலேயே காணாமல் போனது, நகல் இருந்ததால் தப்பினேன்.

தேர்வுக் காலத்தில், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில் ஓடி கிடைக்காது, கேட்டுப் பிரயோஜனமில்லை. பயண நாளை ஓடியில் சேர்க்க மறந்தால் அந்த நாள் சம்பளம் போகும். எனக்கு ஒரு நாள் போனது. கௌரவ விரிவுரையாளர்கள் சம்பளப் பிடித்தம் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

7. செலவு

எனக்கு ஆனது இது. ஓசூர்ப் பக்கம் பேட்டிக்குப் போய்வந்த பேருந்து, இரண்டு மாதத்துக்கு 1,180. பிரின்ட், ஜெராக்ஸ் 640. தகவல் உரிமை மனு, நகல், தபால் எல்லாம் 214. பெங்களூர்ப் பயணம் 1,460. மொத்தம் 3,494 ரூபாய். தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் கொடுத்தார்கள். பயணத்தில் 820 திரும்பி வந்தது. ஆட்டோவுக்குக் கொடுத்த 640 வரவில்லை, ரசீது இல்லாததுதான் காரணம்.

பேருந்துச் சீட்டை அன்றன்றே படம் எடுங்கள். மெஷினில் அடித்துத் தரும் அந்தத் தாளில் எழுத்து சில வாரத்திலேயே மங்கிவிடும். பணத்தை ரொக்கமாகக் கொடுத்து, தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். தபால் நிலையத்தில் நாலு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் கிடைக்காது.

8. போய்ச் சேர்வது

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. பெங்களூருக்குப் பேருந்தே வசதி. தருமபுரிக்காரர்கள் ஓசூர் வழி ரயிலையும் பார்க்கலாம். சென்னைக்கு என்றால் ஜோலார்பேட்டை போய் ரயில் பிடிப்பது இடுப்புக்கு நல்லது. புதுச்சேரிக்குத் திருவண்ணாமலை, திண்டிவனம் வழி.

காலை எட்டிலிருந்து பத்தரைக்குள் ஓசூர் சாலையில் மாட்டினால் அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்துதான் போவீர்கள். நான் முதல் நாள் அமர்வுக்கு ஐம்பது நிமிடம் தாமதம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது, அங்கே இறங்கி மாறிக்கொள்ளுங்கள். நான் போனபோது அது இல்லை. இன்னொன்று, கர்நாடகப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநிலத்தவருக்கு மட்டும். கண்டக்டரிடம் நம் ஆதாரைக் காட்டி அசடு வழிய வேண்டாம்.

பெண்கள் முந்தின நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விருந்தினர் விடுதி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று முன்பே கேளுங்கள்.

9. அங்கே மூன்று நாள்

மற்றவர்களின் கட்டுரையைப் படிக்காமல் போகாதீர்கள். எல்லாம் சேர்த்து முந்நூறு பக்கத்துக்கு மேல் வரும், அத்தனையும் முடியாது. உங்கள் அமர்வில் இருப்பவர்களின் கட்டுரையையும், உங்களைக் கருத்துச் சொல்லச் சொன்ன கட்டுரையையும் கட்டாயம் படியுங்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. ஒரு பக்கத்தில் ஐந்து வரி எழுதி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினேன். ஒரு இடத்தில் திக்கியபோது "தமிழ்லயே சொல்லுங்க, நான் மொழிபெயர்க்கிறேன்" என்று எதிரே இருந்தவர் சொன்னார்.

எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: அந்த நினைவு சரியென்று எப்படித் தெரியும்? பாட்டி நிலம் போனது 'இந்திரா காந்தி செத்த வருஷம்' என்றார், அதாவது 1984. எனக்கு வந்த தகவல் உரிமைப் பதிலோ அதற்குப் பத்து வருஷம் முன்பு என்றது. முதலில் இதைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட நினைத்தேன். நல்லவேளை, மறுபடி போய்க் கேட்டேன். 1984-இல் ஊர்க் கிணற்றை மூடியிருக்கிறார்கள். காகிதத்தில் நிலம் போன பிறகும் அவர் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் சேந்தியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை கிணறு மூடிய அன்றுதான் நிலம் போனது. என் நாற்பது நிமிடத்தில் முப்பது இதற்கே போனது. முரண்பாடு வந்தால் மறைக்காதீர்கள், எடுத்து நடுவில் வையுங்கள்.

தேநீர் இடைவேளையில் யாராவது "உங்க ரெக்கார்டிங் எல்லாம் அனுப்ப முடியுமா?" என்று அன்பாகக் கேட்பார்கள். அனுப்பாதீர்கள். பேசியவர் உங்களிடம்தான் பேசினார்.

10. திரும்பிய பிறகு

வருகைச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தால்தான் ஓடி உறுதியாகும், ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். பயணப்படிப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. ஊருக்கு வந்து அனுப்பியதால் என் பணம் வர இரண்டரை மாதம் ஆனது. வந்த கருத்துகளை அன்றைக்கு இரவே எழுதி வையுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். திருத்திய கட்டுரைக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் கெடு தருவார்கள்.

பேட்டி தந்தவர்களுக்கு அவர்கள் சொன்ன பகுதியைத் தமிழில் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். நானும் போனேன். பாட்டி முழுசும் கேட்டார். பிறகு கட்டுரையில் இருந்த வரைபடத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கிணறு எங்க போட்டிருக்க?"

காட்டினேன்.

"இங்க இல்லம்மா. புளியமரத்துக்கு அந்தாண்ட" என்று நகத்தால் ஒரு கீறல் போட்டார்.

கூகுள் எர்த்தில் அந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் லாரி நிறுத்துமிடம் இருக்கிறது. திருத்திய கட்டுரைக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது.